ஊருக்குப் போகும் முன்: பண்டிகை விடுமுறையும் மன நலமும்

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளை முன்வைக்கின்றனர். "ஊருக்குப் போகிறோம் டாக்டர், பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்பதே அது. பொங்கல் முடிந்த அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அவர்களுள் சிலர் மீண்டும் வருகின்றனர். இம்முறை முன்பதிவு இராது. கண்களில் தூக்கம் இராது. உடன் வந்தவர் அவருடைய கையை விடாமல் பற்றியிருப்பார். இவ்விரு வருகைகளுக்கும் நடுவே, ஊரில், என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியே இவ்விதழில் எழுதுகிறோம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மறதி நோய் ஆகியவற்றுக்காகச் சிகிச்சை பெறுவோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது இது. நோய் எதுவும் இல்லாதவர்க்கும் இதில் சில பயன்படலாம்.

ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய பகுதிகளில் வாழ்வோருள் மிகப் பலர் பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, முன்பு கோயம்பேடு வரை சென்று ஏற வேண்டியிருந்த பேருந்து நம் தெருமுனைக்கே வந்துவிட்டது எனலாம். இது பெரிய வசதிதான். ஆனால் பேருந்து அருகில் இருப்பதாலேயே பயணத்தை முன்கூட்டித் திட்டமிடாமல், "கிளம்பிப் பார்ப்போம், ஏதாவது வண்டி கிடைக்கும்" என்று போகிப் பண்டிகைக்கு முந்தைய இரவில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோரும் பெருகியிருக்கின்றனர். அன்றிரவு ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்பதையும், பரனூர் சுங்கச்சாவடியைக் கடப்பதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்பதையும் நம் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இளைஞரின் பொங்கல்

அடையாளங்களை மாற்றி, அவருடைய இசைவோடும் அவருடைய தாயாரின் இசைவோடும் இதைச் சொல்கிறோம். இருபதுகளின் பிற்பகுதியில் உள்ள அந்த இளைஞருக்கு மனச்சிதைவு நோய். இரண்டு ஆண்டுகளாக நலமாக இருந்தார். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. காலையில் போனால் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். தாயும் மகனும் மட்டுமே உள்ள வீடு அது.

பொங்கலுக்குத் தென்மாவட்டத்திலுள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்றனர். அங்கே பதினான்கு பேர். ஆண்கள் எல்லாரும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தனர். மாத்திரை தாயாரின் பெட்டியில் இருந்தது. பெட்டியோ பெண்கள் படுத்த அறையில் இருந்தது. தம்பிமார்கள் பார்க்க, நள்ளிரவில் கதவைத் தட்டி, "அம்மா, என் மாத்திரை" என்று கேட்க அவருக்குக் கூச்சம். முதல் இரவு தாயாரே எடுத்து வந்து கொடுத்தார். அதைப் பார்த்த பெரியப்பா, "ஏல, இன்னுமா மாத்திரை சாப்பிடுத?" என்று கேட்டார். தீய எண்ணத்தோடு அவர் அதைக் கேட்கவில்லை. ஆயினும் அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் மாத்திரை உள்ளே போகவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அவர் மொட்டை மாடிக்குச் சென்று தனியே அமர்ந்தார். தாயார் மேலே சென்று, "எல்லாரும் என்ன நினைப்பாங்க, கீழ வா" என்று அழைத்து வந்தார். சற்று நேரத்தில் அவர் மீண்டும் மேலே சென்றார். இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை, எல்லார் முன்னிலையிலும் தாயும் மகனும் சத்தமாகப் பேசிக்கொள்ளும்படி ஆயிற்று. ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவர் காதில் மீண்டும் குரல்கள் கேட்கத் தொடங்கின.

இதில் எங்கள் பிழையும் உண்டு. பயணத்துக்கு முன் அவரைப் பார்த்தபோது மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தோம். அவர் எங்கே படுப்பார், மாத்திரை யாரிடம் இருக்கும், ஒரு மணி நேரம் தனியே இருக்க அந்த வீட்டில் இடம் உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. இவற்றைக் கேட்பதும் மருத்துவம்தான் என்பதை அந்த ஆண்டு கற்றுக்கொண்டோம்.

முகம் பார்த்திருக்கும் நேரம்

விடுமுறை என்றால் ஓய்வு என்று எண்ணுகிறோம். வேலையிலிருந்து ஓய்வு கிடைப்பது உண்மைதான். ஆனால் மனநோயிலிருந்து மீண்டு வருபவருக்கு வேலையும் அன்றாட ஒழுங்கும் பாரமாக மட்டும் இருப்பதில்லை. குறித்த நேரத்தில் எழுவது, ரயிலில் யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் அமர்ந்து செல்வது, திரும்பி வந்து தம் அறையில் விளக்கை அணைப்பது ஆகியவை அவரைத் தாங்கி நிற்கும் தூண்கள். கூட்டுக் குடும்பத்தின் நான்கு நாள் கொண்டாட்டம் இத்தனையையும் ஒரே சமயத்தில் எடுத்துவிடுகிறது.

இதைப் பற்றி மனநல மருத்துவத்தில் ஒரு பழைய ஆய்வு வரிசை உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளர், மனச்சிதைவு நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் எவ்வாறு இருக்கின்றனர் என்று ஆராய்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தாரிடமோ சென்றவர்கள் நலமாக இருந்தது அவருக்கு வியப்பளித்தது. பாசம் மிகுந்த இடத்தில் ஏன் நோய் திரும்புகிறது என்பதே கேள்வி. அதைத் தொடர்ந்த ஆய்வுகளின் முடிவில், 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகிய இருவரும் 128 நோயாளிகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். குறைகூறலும் கடுமையும், அளவு மீறிய கவலையும் மிகுந்த குடும்பங்களில் வாழ்ந்தவர்களுக்கு, வீடு திரும்பிய 9 மாதங்களுக்குள் நோய் மீண்டும் வருவது பன்மடங்கு மிகுதியாக இருந்தது.

அந்த ஆய்வில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. அத்தகைய குடும்பங்களிலும், வாரத்தில் 35 மணி நேரத்துக்குக் குறைவாக உறவினரோடு முகம் பார்த்திருந்தவர்களுள் 28 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியது. 35 மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களுள் அது 69 விழுக்காடு. இந்த இரண்டாம் பிரிவினருள்ளும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களுக்கு 53 விழுக்காடு, மருந்து உட்கொள்ளாதவர்களுக்கு 92 விழுக்காடு. அதாவது, மருந்து ஒரு காப்பு. சற்று விலகியிருக்கும் நேரம் இன்னொரு காப்பு.

இப்போது நம் இளைஞரின் கணக்கைப் பாருங்கள். வழக்கமான வாரத்தில் அவரும் தாயாரும் நேருக்கு நேர் இருப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் என்று வைத்தால், வாரத்துக்கு 20 மணி நேரம் ஆகும். போகி முதல் காணும் பொங்கல் வரை, விழித்திருக்கும் 16 மணி நேரமும் உறவினரோடுதான் என்றால், நான்கே நாட்களில் 64 மணி நேரம். அதுவும் ஒருவரோடு அன்று, பதின்மூவரோடு.

லண்டன் அளவுகோலை அப்படியே நம் குடும்பங்களின் மேல் வைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். என்.என். விக் தலைமையிலான குழு சண்டிகரில் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள உறவினர்கள் லண்டன் உறவினர்களைவிடக் கணிசமாகக் குறைவாகவே நோயாளியைக் குறைகூறினர் என்று தெரியவந்தது. நம் குடும்பங்களின் நெருக்கமே நோய்க்குக் காரணம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளியின் குடும்பத்தார் உடன் தங்கக் கூடாரங்கள் அமைத்துக் கொடுத்தார். குடும்பம் உடனிருந்தால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்பதை இந்நாட்டு மனநல மருத்துவம் அதிலிருந்து கற்றது. நாங்கள் சொல்வது இவ்வளவே: அன்பு குறைய வேண்டியதில்லை, இடைவிடாத பார்வை குறையலாம்.

எனவே மொட்டை மாடிக்குச் சென்ற இளைஞரை மூன்று முறை அழைத்து வந்ததுதான் அந்தப் பொங்கலில் நடந்த பெரும் தவறு என்று இன்று கருதுகிறோம். அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட மருத்துவம் அது. தனிமையை நாடுவதெல்லாம் நோயன்று. பந்திக்கு அழைத்தால் வருகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், இரவில் தூங்குகிறார் என்றால் அவரை விட்டுவிடலாம். சாப்பாட்டையே சந்தேகிக்கிறார், தமக்குள் பேசிக்கொள்கிறார், இரவெல்லாம் நடக்கிறார், அழைத்தால் மிரள்கிறார் என்றால் அது வேறு. அப்போது எங்களை அழைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அக்குடும்பம் மீண்டும் ஊருக்குச் சென்றது. இரண்டு இரவுகள் மட்டும். இளைஞர் அடுத்த தெருவிலுள்ள அத்தை வீட்டில் படுத்துக்கொண்டார். மாத்திரை அவருடைய பையிலேயே இருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் வயல் பக்கம், பம்புசெட்டு வரை, தனியே நடந்து வருவார்; எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை என்பது ஏற்பாடு. பெரியப்பாவிடம் தாயார் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டார். சர்க்கரை மாத்திரை போல இதுவும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியது என்று ஒரே வாக்கியம். பெரியப்பாவுக்கே இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்பதால் அது உடனே விளங்கிவிட்டது.

தூக்கமே அளவுகோல்

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு விடுமுறையின் முதல் எதிரி தூக்கமின்மை. ஓரிரு இரவுகள் தூக்கம் கெடுவதே மிகை எழுச்சி நிலையைத் தொடங்கி வைக்கப் போதும். நம் பண்டிகையோ தூக்கத்தை எல்லாப் பக்கத்திலும் குறைப்பது. முந்தைய இரவு பேருந்தில். போகியன்று விடியுமுன் எழுந்து பழையன கொளுத்துதல். பொங்கலன்று சூரியன் எழுமுன் கோலமும் அடுப்பும். மாட்டுப் பொங்கல் இரவில் ஒலிபெருக்கி. நடுவே எப்போதோ கிடைத்த நேரத்தில் பழங்கதை.

இயன்றால் பகலில் பயணம் செய்யுங்கள். தென் மாவட்டங்களுக்குப் பகலில் ஓடும் வைகை விரைவு ரயிலும் திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலும் தாம்பரத்தில் நின்று செல்கின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது; பொங்கல் நாட்களுக்கு அது தொடங்கிய சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே அந்தத் தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். இரவுப் பேருந்துதான் வழி என்றால், போய்ச் சேர்ந்த நாள் இரவு வழக்கமான நேரத்தில் படுக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன்னரே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். தூக்கம் தரும் இரவு மாத்திரையைப் பேருந்துக்காகத் தவிர்க்க வேண்டாம். உணவுக்குப் பின், இருக்கையில் அமர்ந்த பிறகு உட்கொள்ளலாம். வாந்திக்கென்று பேருந்துப் பயணத்துக்கு முன் பலர் போடும் மாத்திரையும் மயக்கம் தருவதே. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் மிகும். முதியவர்களுக்குக் குழப்பமும் வரலாம். அதைச் சேர்க்குமுன் எங்களைக் கேளுங்கள்.

மிகை எழுச்சி பண்டிகையில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மற்ற நாளில் ஒருவர் இடைவிடாமல் பேசினால், கையிலிருந்த பணத்தையெல்லாம் எடுத்து எல்லாருக்கும் துணி வாங்கினால், ஊரில் நிலம் வாங்கப்போவதாகச் சொன்னால் வீட்டார் துணுக்குறுவார்கள். பொங்கலில் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். "இந்தத் தடவைதான் தம்பி சந்தோஷமாக இருந்தான்" என்று உறவினர் மகிழ்ந்து சொன்ன நோயாளியை, அடுத்த வாரமே உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்ததுண்டு. மகிழ்ச்சியையும் நோயையும் பிரித்தறியக் குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்வது ஒரே கேள்வி: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார்? மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்றித் துள்ளுகிறார் என்றால், அது இரண்டாம் இரவும் தொடர்ந்தால், காணும் பொங்கலுக்காகக் காத்திராமல் அழையுங்கள்.

மருந்துப் பை

எத்தனை நாள் பயணமோ அதைவிட ஐந்து நாளுக்கு மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். திரும்பும் பேருந்து கிடைக்காமல் தங்க நேர்வது வழக்கம். கிராமத்து மருந்துக்கடையில் இம்மருந்துகள் இருப்பதும் அரிது. டிக்கியில் போடும் பெட்டியில் வைக்காமல், மடியிலிருக்கும் கைப்பையில் வையுங்கள். மருந்துச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, நோயாளியிடமும் உடன் வருபவரிடமும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் உட்கொள்வோர் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். ஊரில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும், நீரும் அருந்தாமல் விரதம் இருந்தாலும் இது நிகழலாம். உடல் வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் அளவை உயர்த்தும்; காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்குதல், தள்ளாட்டம், நாக்குழறல், வாந்தி ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குளோசபின் உட்கொள்வோர் 48 மணி நேரத்துக்கு மேல் அதைத் தவறவிட்டிருந்தால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவது ஆபத்து. குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதால் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். பலர் இதைப் பயணக் களைப்பு என்று எண்ணிவிடுகின்றனர்.

மதுவைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. தூக்க மாத்திரையோடும் பதற்ற மாத்திரையோடும் மது சேர்ந்தால் மூச்சே தடைப்படக்கூடும். மதுவை விடுவதற்காக டைசல்ஃபிரம் உட்கொள்பவர், கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை, மது மட்டுமன்றி அரிஷ்டம், மது கலந்த இருமல் மருந்து ஆகியவற்றையும் தொடக் கூடாது. "ஊருக்குப் போனால் குடித்துவிடுவார்" என்று அஞ்சி, அவருக்குத் தெரியாமல் உணவில் டைசல்ஃபிரம் கலந்து கொடுக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் அறியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதையும் நேர்த்திக்கடன் செலுத்துவதையும் நாங்கள் ஒருபோதும் தடுப்பதில்லை. பலருக்கு அது மனத்துக்கு வலிமை தருகிறது. விரத நாளில் மாத்திரை எப்போது உட்கொள்வது என்று கேட்டால், நோன்பாயினும் ஏகாதசியாயினும், நேரத்தை மாற்றி அமைத்துத் தருவோம். ஆனால் "இங்கே விட்டுவிட்டுப் போ, மந்திரித்து அனுப்புகிறோம், மாத்திரையை நிறுத்து" என்று யாரேனும் சொன்னால் ஏர்வாடியை நினைவில் கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தங்குமிடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

தாத்தா பாட்டியோடு செல்வோருக்கு

மறதி நோயுள்ள முதியவரைப் பிறந்த ஊருக்கு அழைத்துச் சென்றால் நினைவு திரும்பும் என்று பலர் நம்புகின்றனர். பகலில் அவர் பழைய கிணற்றையும் திண்ணையையும் அடையாளம் கண்டு முகம் மலர்வது உண்மை. மாலை மங்கியதும் நிலை மாறலாம். "வீட்டுக்குப் போகணும்" என்று தம் வீட்டிலேயே நின்று அழுவார். அப்போது இதுதான் வீடு என்று வாதிட வேண்டாம். கையைப் பிடித்து ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்தால் போதும். கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தால் இரவில் வழியெங்கும் விளக்கு எரியட்டும். அவருடைய தலையணையும் போர்வையும் உடன் வரட்டும். கிளாம்பாக்கம் போன்ற கூட்டத்தில், தொலைபேசி எண் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். திடீரென்று குழப்பம் பன்மடங்காகிவிட்டால், அது பயணத்தால் என்று விட்டுவிடாமல் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மலச்சிக்கல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பவருக்கு விடுமுறை எப்போது?

நம் வீடுகளில் பராமரிப்பவர் பெரும்பாலும் தாயோ மனைவியோ மருமகளோதான். ஊருக்குப் போனால் அவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. பதினான்கு பேருக்குச் சமைக்க வேண்டும். நோயாளியின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். உறவினர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். "நீ சரியாப் பார்த்துக்கிட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்ற ஒரு சொல் அவர் நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. எங்கள் அறையில் நோயாளி வெளியே சென்ற பின் கதவை மூடிவிட்டு அழுத தாய்மார்கள் பலர்.

மாமாவோ சித்தியோ "நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டால் நாணாமல் சொல்லுங்கள்: காணும் பொங்கலன்று அரை நாள் இவரோடு இருங்கள், நான் என் தோழி வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று. உடன்பிறந்தோர் பணமாகவோ பொருளாகவோ உதவ முன்வருவது நம்மிடையே வழக்கம். நேரமாக உதவச் சொல்ல ஏனோ நமக்கு நாவெழுவதில்லை. பராமரிப்பவருக்கே தூக்கம் கெட்டு, பசியற்று, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்துவிட்டால், அடுத்த முறை வரும்போது அவருக்கும் ஒரு சீட்டுப் பதிந்துகொள்ளட்டும்.

போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். சிகிச்சை தொடங்கி ஓரிரு மாதமே ஆனவர்க்கும், மருந்தின் அளவு மாற்றப்பட்டுக்கொண்டிருப்பவர்க்கும் இந்த ஆண்டு ஊரப்பாக்கத்திலேயே பொங்கல் வைக்குமாறு நாங்கள் சொல்வதுண்டு. உறவினர் வருந்துவர், அந்த வருத்தம் அடுத்த ஆண்டு தீரும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்து, அந்த ஆண்டு பண்டிகை இல்லாத வீடுகளும் உண்டு. தெருவெங்கும் கோலம் இருக்க, தம் வாசல் மட்டும் வெறுமையாக இருப்பதைப் பார்ப்பது அவர்களுக்குக் கடினமான நாள். அன்று அவர்களை ஒருவர் நேரில் சென்று பார்ப்பது நல்லது.

அவசரத்தில்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, அரளி விதை, மாத்திரைப் பை ஆகியவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். கிராமத்து வீட்டில் பூச்சிமருந்து மாட்டுக்கொட்டகையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என்பதால் இதைத் தனியே சொல்கிறோம். டெலிமானஸ் எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னை திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்குள்ள மருத்துவரிடம் எங்கள் மருந்துச்சீட்டின் படத்தைக் காட்டுங்கள்.

திரும்பும் பயணத்தை விடுமுறையின் கடைசி இரவுக்கு வைக்காமல் ஒரு நாள் முன்னதாக வையுங்கள். வந்த மறுநாள் வேலைக்குச் செல்லாமல், வழக்கமான நேரத்தில் எழுந்து, வழக்கமான நேரத்தில் உண்டு, தூங்கும் ஒரு வெறும் நாள் நோயாளிக்கும் உங்களுக்கும் தேவை. நோய் திரும்புவதானால் ஊரிலேயே திரும்பும் என்பதில்லை. வந்த பின் இரண்டு மூன்று வாரம் தூக்கத்தைக் கவனித்து வாருங்கள்.

அடுத்த விடுமுறைக்கு முன் மாத்திரை வாங்க வரும்போது, ஊரில் யார் எந்த அறையில் படுப்பார்கள், மாத்திரை யாரிடம் இருக்கும், நோயாளி தனியே இருக்க எந்த இடம் என்று நாங்கள் கேட்போம். வீட்டில் பேசி, பதிலோடு வாருங்கள்.